கட்டடமும் நிதியும் தயார்; முதல் வாடிக்கையாளர் யார்?

கேள்வி: நாங்கள் ஒரு நடுத்தர நகரத்தின் உற்பத்தியாளர் சங்கம். மூடிக்கிடந்த ஒரு பெரிய கட்டடமும், மூன்றாண்டுகளுக்குச் செலவிட நிதியும் கையில் உள்ளன. இங்கே படித்த பிள்ளைகள் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப் பெருநகரத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் இங்கேயே தொழில் செய்ய, புதுத் தொழில்களுக்கு இடமும் உதவியும் தந்து வளர்த்துவிடும் ஓர் இன்குபேட்டர் அமைக்க நினைக்கிறோம். எத்தனை இருக்கை போடுவது? ஒரு ஸ்டார்ட்அப்புக்கு எவ்வளவு பணம் கொடுத்து, எத்தனை சதவீதப் பங்கு கேட்பது?

பதில்: இருக்கை, பணம், பங்கு மூன்றும் பிறகு. அவற்றுக்கு முன் முடிவாக வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டார்ட்அப்புக்கு எல்லாவற்றையும்விட அரிதாகக் கிடைப்பது, அரைகுறையாக இருக்கும் பொருளைத் தன் ஆலையில் ஓடவிட்டுப் பார்த்து, அதற்குக் காசும் கொடுக்கும் முதல் வாடிக்கையாளர். பெருநகர முதலீட்டாளர்களால் அதை எளிதில் தர முடியாது. உங்கள் உறுப்பினர்களால் முடியும். சங்கத்தின் உண்மையான சொத்து அந்த உறுப்பினர் பட்டியல்தான்.

முதல் இரண்டு மாதங்களில் இருபது உறுப்பினர் ஆலைகளுக்குப் போய்வாருங்கள். முதலாளியோடு பேசி முடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். பராமரிப்புப் பொறியாளரிடமும் ஸ்டோர் பொறுப்பாளரிடமும் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். “உங்களுக்கு என்ன தொழில்நுட்பம் வேண்டும்?” என்று கேட்டால் பயனில்லை. “போன மூன்று மாதத்தில் எந்த மெஷின் எத்தனை முறை நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, யார் வந்து சரிசெய்தார், அந்த உதிரி வர எத்தனை நாள் ஆனது?” என்று கேளுங்கள். இருபதில் ஐந்து ஆலைகளிலாவது திரும்பத் திரும்ப வரும் சிக்கல், அதனால் ஆகும் நஷ்டத்தை ஆலைக்காரரே கணக்கிட்டுச் சொல்லக்கூடிய சிக்கல், அதற்குப் பொறுப்பான ஆள் ஒருவர் இருக்கும் சிக்கல் — இந்த மூன்றிலும் தேறுவதை மட்டும் பட்டியலில் வையுங்கள். அந்தப் பட்டியலை வைத்து விண்ணப்பம் கேளுங்கள். யோசனைப் போட்டி நடத்தினால் யோசனைதான் வரும்.

அடுத்து பைலட், அதாவது ஆலையில் சிறு அளவில் ஓட்டிப் பார்க்கும் சோதனை. பெரும்பாலான முயற்சிகள் சறுக்குவது இங்கேதான் என்பதால், ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். மோட்டார் பேரிங் பழுதாவதை முன்கூட்டியே சொல்லும் அதிர்வு சென்சார் ஒன்றை ஓர் இளைஞர் குழு செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மோட்டார், 90 நாள் போதும். முதல் நான்கு வாரம் எச்சரிக்கை எதுவும் அனுப்பாமல் பதிவு மட்டும் செய்ய வேண்டும். மோட்டார் நன்றாக ஓடும்போது எப்படி அதிர்கிறது என்று தெரியாமல் பழுதைப் பிரித்தறிய முடியாது. சென்சாரை பேரிங் ஹவுசிங்கின் (பேரிங்கைத் தாங்கும் உறையின்) மேல் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு ஸ்டட் என்ற திருகாணி போட்டு முறுக்க வேண்டும். காந்தத்தால் தூசியின் மேல் ஒட்டிவைத்தால், பழுதின் முதல் அறிகுறியாக வரும் உயர் அதிர்வெண்கள் அங்கேயே மங்கிவிடும். பழி மென்பொருள்மேல் விழும். இரும்புக் கூரைக்கும் மெஷின்களுக்கும் நடுவே வைஃபை தடுமாறும், சென்சார் தரவை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கேட்வே பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்று முதல் நாளே நடந்து பார்க்க வேண்டும். அந்தப் பெட்டியின் பிளக்கைத் துப்புரவு நேரத்தில் யாராவது பிடுங்கிவிடுவார்கள். தனி இணைப்பு கொடுத்துவிடுங்கள். எச்சரிக்கை முதலாளியின் போனுக்குப் போனால் யாரும் ஸ்பானரை எடுக்க மாட்டார்கள். அது ஷிஃப்ட் பராமரிப்பாளருக்குப் போக வேண்டும்.

இத்தனையும் சரியாக நடந்தும் பைலட் அந்தரத்தில் நின்றுவிடுவது உண்டு. 91-ஆம் நாள் என்ன என்று யாரும் எழுதிவைக்காததே காரணம். எனவே ஒப்பந்தத்திலேயே வெற்றிக்கு அளவு இருக்கட்டும்: “பழுதுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்ல வேண்டும், பொய் எச்சரிக்கை மாதத்துக்கு இரண்டைத் தாண்டக் கூடாது” என்பதைப்போல. 90 நாளில் ஒரு பேரிங்கும் பழுதாகாமலே போகலாம். அதனால் கழற்றிவைத்த பழைய பேரிங்கைப் போட்டுச் சோதிக்கும் வழியையும் சேர்த்து எழுதுங்கள். அளவை எட்டினால் ஆண்டுக்கு என்ன விலை, எத்தனை மோட்டார் என்பதும் தொடக்கத்திலேயே கையெழுத்தாக வேண்டும். பதிவாகும் தரவு ஆலைக்குச் சொந்தம், மென்பொருள் குழுவுக்குச் சொந்தம். “போட்டியாளருக்கு விற்கக் கூடாது” என்று ஆலை கேட்டால், பெயர் குறிப்பிட்ட இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு, ஆறு மாதம்வரை, அதற்குத் தனிக் கட்டணம் பெற்றுக்கொண்டு மட்டும் குழு ஒப்புக்கொள்ளட்டும்.

பைலட்டை இலவசமாக்காதீர்கள். இலவசமாக வந்ததைக் கவனிக்க ஆலையில் ஆள் ஒதுக்க மாட்டார்கள். செலவில் பாதி ஆலை, பாதி சங்கம். பொருத்தியதும் 30 சதவீதம், 45-ஆம் நாள் 30, முடிவில் 40. அதோடு இன்னொன்று: பெரிய ஆலைகள் 90, 120 நாள் கழித்துப் பணம் தருவது வழக்கம்; நான்கு பேர் கொண்ட குழு அதற்குள் சம்பளம் கொடுக்க முடியாமல் கலைந்துவிடும். பில் வந்த 15 நாளில் சங்கமே கொடுத்துவிட்டு, ஆலையிடம் பிறகு வசூலித்துக்கொள்ளலாம். சுழன்று திரும்பி வரும் பணம் இது. மானியத்தைவிட இதுதான் அதிக உயிர்களைக் காப்பாற்றும்.

இனி பங்கு. 25 சதவீதம் கேட்கும் ஆசை எல்லாச் சங்கங்களுக்கும் வரும். கணக்கைப் பாருங்கள். நீங்கள் 25 எடுத்தால் நிறுவனர்களிடம் 75. அடுத்த முதலீட்டுச் சுற்றில் முதலீட்டாளருக்கு 20 சதவீதம், ஊழியர்களுக்கென ஒதுக்கும் பங்குத் தொகுப்புக்கு 10 சதவீதம் என்று போனால், 75-இல் 70 சதவீதமே மிஞ்சி அது 52.5 ஆகும். அதற்கடுத்த சுற்றில் இன்னொரு 20 சதவீதம் போக 42. மூன்று நண்பர்கள் பிரித்தால் ஆளுக்கு 14. வளர வேண்டிய வயதில் உழைப்பவர் கையில் பங்கில்லை என்று அடுத்த முதலீட்டாளர் விலகிவிடுவார். நீங்கள் 6 சதவீதம் மட்டும் எடுத்திருந்தால் அதே இடத்தில் ஆளுக்கு 17.5 இருக்கும். 5 முதல் 6 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். இப்போதே மதிப்பீடு பேசிச் சண்டையிட வேண்டாம் என்றால், ஒய் காம்பினேட்டர் என்ற அமெரிக்க ஸ்டார்ட்அப் முதலீட்டு நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ‘சேஃப்’ போன்ற, அடுத்த சுற்றில் பங்காக மாறும் பத்திரம் ஏற்றது. உங்கள் நாட்டுச் சட்டத்துக்கு அதை வழக்கறிஞர் பொருத்தித் தர வேண்டும்.

பணம் கொடுக்குமுன் நிறுவனர்களுக்குள்ளேயே ஓர் ஒப்பந்தம் கேளுங்கள். மூவரில் ஒருவர் எட்டாம் மாதம் வேலை கிடைத்துப் போய்விடுவார், மூன்றில் ஒரு பங்கு அவர் பெயரிலேயே கிடக்கும், நிறுவனம் அதோடு முடங்கும். பங்கு நான்கு ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் சேர வேண்டும், முதல் ஆண்டு முடியுமுன் போனால் ஒன்றுமில்லை என்பதே நடைமுறை.

சங்கம் தனியார் முதலீட்டாளரையும் கூட்டிவர விரும்பினால் இஸ்ரேலின் அனுபவம் உதவும். 1992-இல் அங்கே ‘இன்பால்’ என்ற திட்டத்தில் முதலீட்டு நிதிகளின் நஷ்டத்தில் 70 சதவீதத்துக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. எடுபடவில்லை. நஷ்டத்துக்குக் காப்பு இருப்பவர் லாபத்துக்கு மெனக்கெட வேண்டியதில்லை. 1993-இல் வந்த ‘யோஸ்மா’ கணக்கைத் திருப்பிப்போட்டது. 10 கோடி டாலர் திட்டம்; பத்துத் தனியார் நிதிகளில் அரசும் பங்கு போட்டது. நன்றாகப் போனால் அரசின் பங்கை ஐந்தாண்டுகளுக்குள் அசலும் வட்டியும் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றது. வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர் கூட்டாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்தது. அனுபவமும் உள்ளே வந்தது, லாப ஆசையும் வந்தது. உங்கள் அளவு சிறியதுதான், ஆனால் விதி அதேதான்: நஷ்டத்தைத் தாங்காதீர்கள், லாபத்தில் விட்டுக்கொடுங்கள்.

உறுப்பினர்கள் தயங்கப்போவது வேறொரு இடத்தில். நல்ல பொறியாளர் வேலையை விட்டுத் தனியே தொடங்கிவிடுவாரே என்ற பயம். போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று ஊழியரைக் கட்டும் ஒப்பந்தங்கள் செல்லாது என்பது கலிஃபோர்னியாவில் 1872 முதல் சட்டம்; சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஆட்கள் தாராளமாக இடம் மாறியதற்கு அது ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். நோக்கியா 2011-இல் ஆட்குறைப்பு செய்தபோது, ‘பிரிட்ஜ்’ திட்டத்தில் வெளியேறுவோர் சொந்தத் தொழில் தொடங்கத் தானே பண உதவி செய்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் கண்டுபிடித்தவருக்கே உரிமையை விட்டுக்கொடுக்கிறது. விலகிப் போகிறவரை முதல் சப்ளையராகப் பார்க்க முடியுமா என்று சங்கக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசுங்கள். இதில் ஒப்புதல் இல்லாமல் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது வீண்.

பிள்ளைகளை இங்கேயே நிறுத்த நிபந்தனை போடலாமா என்றால், வேண்டாம். சிலி அரசு 2010-இல் தொடங்கிய ‘ஸ்டார்ட்அப் சிலி’ பங்கு கேட்காமல் சுமார் 40,000 டாலர் கொடுத்து வெளிநாட்டுக் குழுக்களை அழைத்தது. வந்தவர்களில் பலர் காலம் முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். வாடிக்கையாளர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் தொழில் வேர்விடும்.

அதே வாடிக்கையாளர்தான் மறுபக்கம் ஆபத்தும். ஒரே ஆலைக்காக மாற்றி மாற்றிச் செய்துகொடுத்து, குழு அந்த ஆலையின் ஒப்பந்தக்காரராகவே ஆகிவிடும். வருமானம் வரும், பொருள் உருவாகாது. அதே பொருள், பெரிய மாற்றமில்லாமல், இரண்டாவது ஆலையில் ஓடினால்தான் அடுத்த தவணைப் பணம் என்று வையுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் வருமானத்தில் பாதிக்குமேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம். நிர்வாகக் குழுவுக்கு வைக்கும் அறிக்கையில் எத்தனை நிகழ்ச்சி, எத்தனை விண்ணப்பம் என்று எழுதாமல், காசு கொடுத்து நடந்த பைலட் எத்தனை, ஆண்டு ஒப்பந்தமானது எத்தனை, பில்லுக்கும் பணத்துக்கும் இடையே எத்தனை நாள் என்று எழுதுங்கள்.

வழிகாட்டிகள் பட்டாளம் தேவையில்லை. வாரம் அரைநாள் ஒரு கணக்காளரும் ஒப்பந்தம் தெரிந்த வழக்கறிஞரும் வந்தால் போதும். ஆய்வகத்தில் இரண்டாவது 3டி பிரின்டர் வாங்கும் பணத்தில், முதலாவதை ஓட்டத் தெரிந்த டெக்னீஷியனுக்குச் சம்பளம் கொடுங்கள்.

கட்டடத்தைப் பொறுத்தவரை, உலகின் முதல் இன்குபேட்டர் என்று சொல்லப்படும் பட்டேவியா தொழில் மையமும் இப்படி மூடிக்கிடந்த ஆலைதான். நியூயார்க் மாநிலத்தில் 1959-இல், முழுக் கட்டடத்தையும் எடுக்க ஆள் கிடைக்காமல் சிறு பகுதிகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டார் ஜோசப் மான்குசோ. வந்தவர்களில் ஒருவர் கோழிக்குஞ்சு பொரிக்கும் தொழில் செய்தவர். ‘இன்குபேட்டர்’ என்ற பெயர் அங்கிருந்து வந்தது. நீங்களும் முழுவதையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். முதல் ஆண்டுக்கு ஆறு பைலட் என்றால் ஆறு குழு, குழுவுக்கு நான்கு பேர்: 24 இருக்கை, ஒரு கூட்ட அறை, சத்தம் போட்டு இரும்பு அறுக்க ஒரு கொட்டகை. வாடகை மாதத்துக்கு மாதம். 18 மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்பது முதல் நாள் கடிதத்திலேயே இருக்கட்டும். மீதி இடத்தைப் பூட்டியே வையுங்கள். ஏழாவது பைலட்டில் கையெழுத்தாகும் அன்று அடுத்த அறையைத் திறக்கலாம்.