எத்தனை பேர்ல எத்தனை பேர்?

வாசகர் கேள்வி - பதில்

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல மாமா ஒருத்தர் 2018 பெட்ரோல் விலை சார்ட்ட மறுபடி போட்டாரு. அதுல 80 ரூபா பட்டை 71 ரூபா பட்டைய விட குட்டையா இருக்கு. தப்புன்னு சொன்னேன், "சதவீதம் போட்டிருக்கு பாரு, கணக்கு சரியாத்தான் இருக்கு"ன்னு சண்டைக்கு வந்துட்டாரு. யார் சொல்றது சரி?
- கல்லூரி மாணவி, திண்டுக்கல்

மாமா சொன்ன கணக்கு சரிதாம்மா, ஆனா படம் தப்பு, ரெண்டையும் தனித்தனியா பாக்கணும். அது 2018 செப்டம்பர் 10ஆம் தேதி பாஜக ட்விட்டர்ல போட்ட படம். டெல்லி விலை, 2004 மே மாசம் 33.71, 2009 மே 40.62, 2014 மே 71.41, அன்னைக்கு 80.73. கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தா 2009ல இருந்து 2014க்குள்ள 75.8% ஏறியிருக்கு, அதுக்கப்புறம் 13% தான், அதுல பொய் இல்ல. ஆனா பட்டைக்கு மேல எழுதியிருக்கறது ரூபா, ரூபாய எழுதிட்டா பட்டையோட உயரமும் ரூபாயத்தான் காட்டணும், 80.73 எந்தக் காலத்துலயும் 71.41க்கு கீழ நிக்க முடியாது. ஏறுற வேகம் குறைஞ்சதுன்னு சொல்லணும்னா சதவீதத்துக்கு தனியா ஒரு படம் போட்டிருக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. வேகம் குறைஞ்சத விலையே குறைஞ்ச மாதிரி வரைஞ்சதுதான் இங்க தப்பு.

இன்னொண்ணு, நீங்க ரெண்டு பேருமே பட்டைய பிடிச்சுக்கிட்டு நின்னதால விட்டுப்போனது. 2014 நடுவுல பீப்பாய் 100 டாலருக்கு மேல இருந்த கச்சா எண்ணெய் 2016 ஜனவரில 30 டாலருக்கும் கீழ போச்சு, அதே நேரத்துல பெட்ரோலுக்கு லிட்டருக்கு 9.48 ரூபாயா இருந்த மத்திய கலால் வரி 21.48 வரைக்கும் ஏறி அப்புறம் 19.48க்கு வந்துச்சு. இது அந்தப் படத்துல எங்கயும் இல்ல. அடுத்த தடவ மாமாகிட்ட பட்டை உயரத்துக்காக மல்லுக்கட்டாம இத எடுத்துப் பேசுங்க, அவர்கிட்டயும் பதில் இருக்கும், ஆனா அது உருப்படியான பேச்சா இருக்கும்.

ஊசியால ஒரு பிரயோஜனமும் இல்ல, இஸ்ரேல்ல கொரோனா முத்தி ஆஸ்பத்திரில கிடந்தவங்கள்ல பாதிக்கு மேல ரெண்டு டோஸ் போட்டவங்கதான்னு மச்சான் இன்னும் சொல்லிட்டே இருக்காரு. நம்பர் உண்மைதான்னு நெட்லயும் இருக்கு. எனக்கு பதில் சொல்லத் தெரியல, போன பொங்கலுக்கு இதுலயே பேச்சுவார்த்த நின்னு போச்சு.
- ஜவுளிக்கடைக்காரர், ஈரோடு

நம்பர் உண்மைதான் சார், மொதல்ல அத ஒத்துக்கிடுங்க, மச்சான் பொய் சொல்லல. 2021 ஆகஸ்ட் 15 நிலவரம், தீவிரமா படுத்திருந்த 515 பேர்ல 301 பேர் ரெண்டு டோஸும் போட்டவங்க, 214 பேர் போடாதவங்க. பாத்த உடனே யாருக்குமே பகீர்னுதான் இருக்கும்.

ஆனா ஒரு கல்யாண வீட்ட நெனைச்சுக்கோங்க. மறுநாள் 20 பேருக்கு வயித்தால போகுது, அதுல 18 பேர் சாம்பார் ஊத்திக்கிட்டவங்க. சாம்பார்தான் காரணம்னு சொல்லிற முடியுமா, பந்தில உக்காந்தவங்கள்ல சாம்பார் வேணாம்னு சொன்னவங்க எத்தனை பேர் இருப்பாங்க? வயித்தால போனவங்கள மட்டும் எண்ணுனா பத்தாது, சாம்பார் சாப்பிட்ட அத்தனை பேர்ல எத்தனை பேருக்கு, சாப்பிடாத அத்தனை பேர்ல எத்தனை பேருக்குன்னு பாக்கணும்.

இஸ்ரேல்ல அப்போ 12 வயசுக்கு மேல ஊசி போட்டவங்க 56 லட்சம் பேருக்கு மேல, போடாதவங்க 13 லட்சம். அப்ப லட்சத்துக்கு இத்தனைன்னு வகுத்தா போட்டவங்கள்ல 5.3, போடாதவங்கள்ல 16.4. மூணு மடங்கு வித்தியாசம் வந்துருச்சு. இங்க நிறுத்திடாதீங்க, இதுக்கு அடுத்ததுதான் என்னை உலுக்குன விஷயம், ஒரு பேப்பர எடுத்துக்கிட்டு நீங்களே போட்டுப் பாருங்க.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல புள்ளியியல் பேராசிரியரா இருக்கற ஜெஃப்ரி மோரிஸ் அதே டேட்டாவ வயசு வாரியா பிரிச்சுக் காட்டுனாரு. 50 வயசுக்கு கீழ, போட்டவங்கள்ல லட்சத்துக்கு 0.3 பேர், போடாதவங்கள்ல 3.9 பேர். 50க்கு மேல, போட்டவங்கள்ல 13.6 பேர், போடாதவங்கள்ல 91.9 பேர். இளசுகள்ல பாத்தா 12 மடங்குக்கு மேல வித்தியாசம், பெருசுகள்ல கிட்டத்தட்ட 7 மடங்கு, ஆனா ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா வெறும் 3 மடங்கு! ரெண்டு பக்கமும் பெருசா இருக்கறது கூட்டிப் பாத்தா எப்படி சிறுசாகுது?

காரணம், ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரி கூட்டம் இல்ல. ஊசி போட்டவங்கள்ல 100க்கு 38 பேர் 50 வயசத் தாண்டுனவங்க, போடாதவங்கள்ல 100க்கு 14 பேர்தான். வயசானவங்களுக்குத்தான் கொரோனா முத்தும், ஊசி போடாதவங்கள மட்டும் எடுத்துக்கிட்டாலே பெருசுகளுக்கு இளசுகள விட 23 மடங்கு அதிகமா முத்தியிருக்கு. ஆக மொத்தமா வச்சு ஒப்பிடும்போது நாம ஊசிய ஊசி இல்லாததோட மட்டும் ஒப்பிடல, தாத்தா பாட்டிங்க நெறஞ்ச ஒரு கூட்டத்த இளவட்டம் நெறஞ்ச இன்னொரு கூட்டத்தோட ஒப்பிட்டுக்கிட்டு இருக்கோம். இதுக்கு சிம்சன் முரண்னு பேரு, பேர் ஞாபகம் இல்லாட்டியும் பரவால்ல, வயசு பிரிச்சுப் பாத்தியான்னு கேக்கத் தெரிஞ்சா போதும்.

மச்சான்கிட்ட இத குரூப்ல சொல்லாதீங்க சார். பத்து பேர் பாக்கறப்ப யாரும் எறங்கி வரமாட்டாங்க. கடைல பில் போடற பேப்பர் ஒண்ண எடுத்துக்கிட்டு நேர்ல உக்காந்து, 301ங்கற அவரோட நம்பர்ல இருந்தே ஆரம்பிச்சு, வகுத்தல் மட்டும் அவரையே போடச் சொல்லுங்க. நம்பர் அவரோடது, கணக்கும் அவரோடதுன்னு ஆனா மனசு கொஞ்சம் எறங்கும், இத நான் எங்க வீட்லயே பாத்திருக்கேன்.

சார்ட்ல அச்சு, அதாவது ஓரத்துல நம்பர் போட்டிருக்கற கோடு, 0ல இருந்து ஆரம்பிக்கலைன்னா அது ஏமாத்து வேலைன்னு பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கறேன். சரிதானே?
- கணக்கு டீச்சர், காரைக்குடி

பட்டைப் படத்துக்கு சரி டீச்சர். அங்க நீளம்தான் பேசுது, அடிய வெட்டிட்டா நீளமே பொய்யாயிரும். அமெரிக்காவுல 2012ல ஃபாக்ஸ் டிவில வருமான வரியோட உச்ச விகிதம் 35%ல இருந்து 39.6% ஆகப்போகுதுன்னு ஒரு படம் போட்டாங்க, அச்சு 34ல ஆரம்பிச்சதால ஏறப்போற வரி அஞ்சு மடங்கு உயரமா நின்னுச்சு.

ஆனா கோட்டுப் படத்துக்கு இத விதியா சொல்லிறாதீங்க. ஆஸ்பத்திரில கட்டில்ல தொங்குற காய்ச்சல் சார்ட்ட நெனைச்சுப் பாருங்க, அத 0 டிகிரில இருந்து போட்டா 98ம் 103ம் பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கிட்டு நேர்கோடாத்தான் தெரியும், நர்ஸம்மா பாத்துட்டு பேசாம போயிருவாங்க. 2015 டிசம்பர்ல நேஷனல் ரிவ்யூங்கற அமெரிக்க பத்திரிகை உலக சராசரி வெப்பநிலைக்கு இதத்தான் செஞ்சுது, மைனஸ் 10 ஃபாரன்ஹீட்ல இருந்து 110 வரைக்கும் அச்ச இழுத்து, பாருங்க ஒண்ணுமே மாறலன்னு ஒரு தட்டைக் கோடு. பூமிக்கு ஒரு டிகிரிங்கறது உடம்புக்கு காய்ச்சல் மாதிரி, அத அவ்வளவு பெரிய அளவுல வச்சு வரைஞ்சா எங்க தெரியும். அதனால இந்த அளவுல எவ்ளோ மாறுனா நெஜமாவே பாதிக்கும்னு பிள்ளைங்கள மொதல்ல கேக்க வச்சுட்டு அப்புறமா அச்சுக்கு வாங்க.

2020ல நாட்டுல குற்றம் 28% கூடிருச்சுன்னு ஒரு சார்ட் சுத்துது. லாக்டவுன்ல எல்லாரும் வீட்டுக்குள்ளதான இருந்தோம், எப்படி கூடும்? சவாரிக்கு வண்டிய எடுத்தேன்னு என் மேல கூட ஒரு கேஸ் போட்டாங்க, பேப்பர்ல 188னு இருந்துச்சு.
- ஆட்டோ டிரைவர், மதுரை

கேள்விலயே பதிலையும் எழுதிட்டீங்க அண்ணே. தேசிய குற்ற ஆவண காப்பகத்தோட கணக்குல 28% கூடுனது நெஜம்தான், 51,56,158 வழக்கு 66,01,285 ஆச்சு. ஆனா அரசு உத்தரவ மீறுனதுக்கு அப்போ இந்திய தண்டனைச் சட்டத்துல இருந்த 188ஆவது பிரிவ மட்டும் தனியா பாருங்க, 2019ல 29,469 வழக்கு, 2020ல 6,12,179.

காப்பகமே தன்னோட அறிக்கைல, குற்றம் கூடறது வேற, போலீஸ் பதிவு பண்றது கூடறது வேறன்னு எழுதி வச்சிருக்கு, படத்த பரப்பறவங்க அந்தப் பக்கத்த சேத்து அனுப்பறதில்ல. இது எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். அதே வருஷம் பெண்களுக்கு எதிரான குற்றம் 8.3% கொறஞ்சதா கணக்கு சொல்லுது, நல்லதுன்னு சந்தோஷப்பட எனக்கு மனசு வரல, ஏன்னா அதே லாக்டவுன்ல வீட்டுக்குள்ள அடி வாங்குறோம்னு தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த புகார் கூடிருச்சு. அடிக்கறவன் பக்கத்துலயே 24 மணி நேரமும் உக்காந்திருக்கறப்ப, பஸ்ஸும் ஓடாதப்ப, எந்தப் பொண்ணு ஸ்டேஷன் வரைக்கும் போய் எழுதிக் குடுப்பா? மறைக்கறதுக்கு கஷ்டமான கொலைய எடுத்துக்கிட்டா 28,915ல இருந்து 29,193, ஒரு சதவீதம்தான் வித்தியாசம்.

அதனால அந்தப் படத்த அனுப்புனவர்கிட்ட உங்க கேஸப் பத்தியே சொல்லுங்கண்ணே. அந்த 6,12,179ல உங்க ஆட்டோவும் ஒண்ணு.