கேள்வி: குரூப்பா எழுதுற ஃபேண்டஸி ரோல்பிளேல வில்லனையும் கேரக்டர் ஆர்க்கையும் (கதை போகப் போக ஒரு கேரக்டர் மாறுற விதம்) எப்படி ப்ளான் பண்றது?

நீங்க எழுதியிருக்கிறதைப் பாத்தா நிலைமை இதுதான்: டிஸ்கார்டுங்கிற சாட் ஆப்ல அஞ்சு பேர் சேர்ந்து ஒரு ஃபேண்டஸி கதை எழுதுறீங்க, ஆளுக்கொரு கேரக்டர், கதையை நடத்துற வேலை உங்களுது, வில்லனா ஒரு இருட்டு ராஜா, அவனுக்கு மூவாயிரம் வருஷ வரலாறு எழுதி வச்சிருக்கீங்க, ஆனா மத்தவங்க அவனைக் கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க, வழியில ஒரு சத்திரத்துக்காரி கூட வம்பு வளர்த்துக்கிட்டு ஜாலியா இருக்காங்க. இது போக ஒருத்தர் தன் கேரக்டரை பாதியில துரோகியா மாத்தணும்னு உங்ககிட்ட தனியா மெசேஜ் போட்டிருக்கார்.

மொதல்ல அந்த சத்திரத்துக்காரியைப் பாருங்க. அவ என்ன பண்ணா? வாடகை ஜாஸ்தி கேட்டா, ஒருத்தரோட குதிரையைப் பிடிச்சு வச்சுக்கிட்டா, இன்னொருத்தரை எல்லார் முன்னாடியும் நக்கல் பண்ணா. அதாவது அவளுக்கும் இவங்களுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கு. உங்க இருட்டு ராஜாவுக்கு வரலாறு இருக்கே தவிர இந்த நாலு பேர்ல ஒருத்தர்கிட்ட கூட அவன் எதையும் வாங்கல, எதையும் கொடுக்கல. அப்புறம் எதுக்கு அவங்க அவனைத் தேடிப் போகணும்?

அதனால நான் வில்லனை உருவாக்கும்போது அவன் பிறப்பு வளர்ப்புல ஆரம்பிக்கிறதே இல்ல. மத்தவங்க கேரக்டர் ஷீட்டை (அவங்கவங்க கேரக்டரைப் பத்தின குறிப்பு) எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டு, ஒவ்வொருத்தருக்கும் இந்த ஆளு என்ன கொடுத்தான், என்ன எடுத்துக்கிட்டான்னு ரெண்டு வரி எழுதிட்டுதான் அவனுக்குப் பேரே வைப்பேன். இதுல எடுத்துக்கிட்டது மட்டும் இருந்தா பழிவாங்கல் கதைதான் வரும், அது சீக்கிரம் சலிச்சிரும். கொடுத்ததும் இருக்கணும். நமக்கு இது புதுசா என்ன? கர்ணனை அத்தனை பேர் முன்னாடி என்ன குலம்னு கேட்டு அவமானப்படுத்தினப்போ அங்க தேசத்தைக் கொடுத்து ராஜாவாக்கினவன் துரியோதனன்தான். அதுக்கப்புறம் கர்ணன் எடுக்கிற ஒவ்வொரு முடிவுலயும் அந்த செஞ்சோற்றுக் கடன் வந்து நிக்குது. துரியோதனனை வெறும் கெட்டவனா மட்டும் எழுதியிருந்தா கர்ணன்னு ஒரு ஆர்க்கே கிடையாது.

எங்க குரூப்ல இப்ப ஓடிட்டு இருக்கிற கதையை உதாரணத்துக்கு சொல்றேன். மலைக்கு நடுவுல ஒரு பழைய அணை, அதுக்குள்ள ஒரு ஆத்துப் பூதம் தூங்குது, அதைத் தூங்க வைக்க வருஷத்துக்கு ஒரு ஊரோட நினைவுகளை வரியா வசூல் பண்ணி உள்ள விடணும். இதைச் செய்யுறவர் அணைக்காவலர் மாறவேள், வயசானவர், ரொம்ப மரியாதையா பேசுவார், யாரையும் நீ வா போன்னு கூட சொல்ல மாட்டார். செங்கோடன்ங்கிற சிப்பாய் அவர் படையில இருந்து ஓடி வந்தவன், ஆனா அவனைத் தூக்குல இருந்து காப்பாத்தினவரும் மாறவேள்தான். வெயினி மருத்துவச்சி, அவளுக்குத் தன் அம்மா முகம் ஞாபகம் இல்ல, அவ படிச்ச படிப்புக்கு யார் பணம் கட்டினாங்கன்னும் தெரியாது. நரியன்னு ஒரு திருடன், அவனுக்கும் மாறவேளுக்கும் சம்பந்தமே இல்லாம இருந்துச்சு, அவனை எழுதுறவர் கதையில ஒட்டாம சும்மா ஜோக் அடிச்சிட்டு இருந்தார், அப்புறம் அவன் திருடின வரிக்கணக்கு நோட்டுல அவன் பேரே இருக்குன்னு அவர்கிட்ட கேட்டு சேர்த்தோம், அதுல இருந்து ஆளு டெய்லி போஸ்ட் போடுறார்.

மாறவேளைப் பத்தி நான் எழுதி வச்சது மொத்தம் அரைப் பக்கம் கூட வராது. அவருக்கு என்ன வேணும்: அணை உடையக் கூடாது. ஏன்: உடைஞ்சா கீழ இருக்கிற எல்லா ஊரும் போயிடும், இதுல அவர் சொல்றது நிஜம். எதைக் கண்டிப்பா பண்ண மாட்டார்: குழந்தைங்க நினைவைத் தொட மாட்டார். இந்த கடைசி வரிதான் எனக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா வில்லன் தனக்குத்தானே போட்டுக்கிட்ட எல்லையை மீறுற இடம் எதுன்னு தெரிஞ்சாப் போதும், கதையோட உச்சம் எங்க இருக்குன்னு தானா தெரிஞ்சிரும்.

அடுத்தது, அவர் என்ன பண்ணப் போறார்ங்கிறது. இங்கதான் நிறைய பேர் நாவல் எழுதுற மாதிரி சீன் பை சீன் ப்ளாட் போடுறாங்க, ஹீரோக்கள் இங்க வருவாங்க, இந்தக் கதவைத் திறப்பாங்க, இவனை நம்புவாங்கன்னு. மத்த நாலு பேர் கையில பேனா இருக்கும்போது இது நடக்காது. 2010-ல வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டுங்கிற ரோல்பிளே கேம்ல வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் இதுக்கு ஒரு அருமையான வழி வச்சாங்க: ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு கடிகாரம் வரையணும். 3, 6, 9, அப்புறம் 10, 11, 12. ஒவ்வொரு மணிக்கும் ஒரு சம்பவம் எழுதி வச்சுக்கணும், யாரும் தடுக்கலேன்னா முள்ளு நகரும். 9-க்கு முன்னாடி வரைக்கும் முழுசா தடுக்கலாம், 9 தாண்டிட்டா வர்றது வந்தே தீரும் ஆனா தயாராக நேரம் இருக்கு, 12 அடிச்சா முழு அடி. 2012-ல வந்த டஞ்சன் வேர்ல்டு இதையே ஃபேண்டஸிக்கு ஏத்த மாதிரி மாத்தி, அபசகுனங்களோட வரிசையாவும் கடைசில ஒரு பேரழிவாவும் வச்சது.

எங்க கடிகாரம் இப்படி: 3-ல ஒரு ஊர்ல ஜனங்க பக்கத்து வீட்டுக்காரங்க பேரை மறக்குறாங்க. 6-ல வரிக்காரங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை வர ஆரம்பிக்கிறாங்க. 9-ல அணைச்சுவர்ல கசிவு. 10-ல மாறவேள் தன் சொந்த நினைவையே உள்ள விடுறார், அடுத்த தடவை பாக்கும்போது செங்கோடனை அவருக்கு அடையாளம் தெரியல. 11-ல குழந்தைங்க. 12-ல ஆறு வெளிய வருது. இதுல ஹீரோக்கள் என்ன பண்ணுவாங்கன்னு ஒரு வார்த்தை கூட இல்ல பாருங்க. அவங்க சத்திரத்துலயே உக்காந்திருந்தாலும் கதை நடக்கும், சத்திரத்துக்காரி ஒரு நாள் காலையில அவங்க பேரைக் கேப்பா. (உங்க சத்திரத்துக்காரியை சும்மா விடாதீங்க, அவ பிடிச்சு வச்ச குதிரை யாருக்காகன்னு ராஜாவோட முடிச்சுப் போடுங்க, ஏற்கனவே அவங்களுக்கு அவமேல ஒரு கண்ணு இருக்கு.)

டெக்ஸ்ட் ரோல்பிளேல ஒரு விஷயம் கவனிக்கணும், முள்ளை நிஜ நாள்கணக்குல நகர்த்தாதீங்க. ஒருத்தருக்கு செமஸ்டர் எக்ஸாம் இருக்கும், இன்னொருத்தருக்கு நைட் ஷிஃப்ட், அவங்க ரெண்டு வாரம் வரலைன்னு ஊரை மூழ்கடிச்சா கடுப்பாயிடுவாங்க. ஒரு சீன் முடிஞ்சா, இல்ல அவங்க ஒரு விஷயத்தைத் தெரிஞ்சே தள்ளிப் போட்டா, அப்ப நகர்த்துங்க.

வில்லனை எப்ப காட்டுறதுன்னு கேட்டிருந்தீங்க. சீக்கிரம். கடைசி ரூம்ல சிம்மாசனத்துல உக்காந்து வெயிட் பண்ற பாஸ், அதாவது கடைசிப் பெரிய எதிரி, கேமுக்கு வேணா சரி, அதைக் கூட 1983-லயே உடைச்சுட்டாங்க. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற ரோல்பிளே கேமுக்கு ட்ரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் எழுதின ரேவன்லாஃப்ட்ல வர்ற ஸ்ட்ராட்ங்கிற ரத்தக்காட்டேரி ஒரு இடத்துல நிக்க மாட்டான், ஆட்டம் பூரா நடமாடுவான். அதை விட எனக்குப் பிடிச்சது, ஆட்டத்துக்கு நடுவுல ஒரு குறிகாரி சீட்டு எடுப்பா, அந்தச் சீட்டுல என்ன விழுதோ அதைப் பொறுத்துதான் முக்கியமான பொருள் எங்க ஒளிஞ்சிருக்கு, ஸ்ட்ராடோட இப்போதைய நோக்கம் என்னங்கிறதே முடிவாகும். வில்லனோட நோக்கத்தையே சீட்டுக்கு விட்டிருக்காங்க, நாம மூவாயிரம் வருஷத்துக்கு உறுதி பண்ணி வச்சிருக்கோம்!

சீக்கிரம் காட்டினா கொன்னுடுவாங்களேன்னு பயம் வரும். கத்தி எடுக்க முடியாத இடத்துல காட்டுங்க, கல்யாண வீடு, சாவு வீடு, பஞ்சாயத்து. மாறவேள் முதல் தடவை வந்தது வெயினி வைத்தியம் பாக்குற இடத்துக்கு, நோயாளியா, இருமலுக்கு மருந்து கேட்டு. அவ கொடுத்தா, அவரும் காசைக் கொடுத்துட்டுப் போனார், யாருன்னு அப்ப அவளுக்குத் தெரியாது. அதையும் மீறி ஒருத்தர் கொன்னுட்டா கொல்லட்டும், தப்பிக்க வைக்க மாயக்கதவு எல்லாம் திறக்காதீங்க. அவர் செத்தாலும் பூதம் முழிச்சிக்கத்தான் போகுது, அவர் நாற்காலியில யாராவது உக்காந்தாகணும். அது செங்கோடனாவே இருந்தா இன்னும் நல்லது.

கேரக்டர் ஆர்க்குக்கு வருவோம். அதை நீங்க ப்ளான் பண்ணவே கூடாது, அந்தக் கேரக்டரை எழுதுறவர்தான் பண்ணணும், நீங்க கேள்வி மட்டும் வாங்கி வச்சுக்கணும். நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா கேக்குறது இதுதான்: உங்க ஆளு எதை நம்பிக்கிட்டு இருக்கான், அது தப்பா இருந்தா அவனுக்கு எங்க வலிக்கும், நான் தொடவே கூடாதது எது. செங்கோடனை எழுதுறவர் சொன்னது, 'உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சவன் மேல பாவம் ஒட்டாதுன்னு அவன் நம்புறான்'. அவ்வளவுதான், எனக்கு அது போதும். அதுக்கப்புறம் நான் போடுற சீன்ல எல்லாம் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அழுத்துவேன், அவன் வரி வசூலிச்ச ஊர்ல ஒரு கிழவி அவனுக்கே சோறு போடுவா, அவளுக்கு அவனை ஞாபகம் இல்ல. அவன் அழுவானா, ஓடுவானா, சாப்பிட்டுட்டு எழுந்து போவானா, அது அவர் பாடு. நிஜத்துல அவன் சாப்பிட்டான், ரெண்டாவது தடவையும் சோறு கேட்டான். நான் நினைச்சுக் கூடப் பாக்கல அதை, கதையோட திசையே அங்க மாறிச்சு.

'என் கேரக்டர் கடைசில மன்னிப்பான்'னு ஒருத்தர் ஆரம்பத்துலயே முடிவு பண்ணிட்டு வந்தா மட்டும் கொஞ்சம் பேசிப் பாருங்க, ஏன்னா அவர் நடுவுல நடக்கிற எதையும் காதுல வாங்க மாட்டார், மன்னிக்கிற சீனுக்கு ஓடிக்கிட்டே இருப்பார்.

எல்லார் ஆர்க்கையும் ஒரே நேரத்துல கொதிக்க விடாதீங்க, ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பாதியில, மத்தவங்க லைட்டா. அதே மாதிரி முக்கியமான ரகசியத்தை ஒரே கேரக்டர்கிட்ட கொடுத்து வைக்காதீங்க, அவருக்கு வேலை கிடைச்சு க்ரூப்பை விட்டுப் போனா ரகசியமும் போச்சு. ஆன்லைன் கதைகள்ல பாதி சாகுறது வில்லன் கையால இல்ல, இப்படித்தான்.

எழுதுறவங்க மனசு காயப்படாம பாத்துக்கிற பாதுகாப்பு விஷயத்தை சிலர் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா வில்லன் எழுதுறவருக்குத்தான் இது ரொம்ப வேணும். ரான் எட்வர்ட்ஸ்ங்கிற கேம் டிசைனர் சொன்ன கோடு, திரைன்னு ஒரு முறை இருக்கு: கோடு போட்ட விஷயம் கதையில வரவே வராது, திரை போட்டது நடக்கும், ஆனா காட்ட மாட்டோம். ஜான் ஸ்டாவ்ரோபோலஸோட எக்ஸ் கார்டு இன்னும் சிம்பிள், யாராவது எக்ஸ் காட்டினா அந்த விஷயத்தை அப்படியே தூக்கிடுவோம், காரணம் கேக்கிறதில்ல. எங்க சேனல்ல ஒரு எமோஜி வச்சிருக்கோம் அதுக்கு. இது இருந்தா மாறவேளை இன்னும் கொடூரமா எழுத முடியுது, ஏன்னா யாராவது நிஜமா காயப்பட்டா நிறுத்திடுவாங்கன்னு தைரியம் இருக்கு. இன்னொண்ணு, அடுத்தவர் கேரக்டருக்கு என்ன ஆச்சுன்னு வில்லன் போஸ்ட்ல எழுதாதீங்க. 'வாள் அவன் தோளை நோக்கி வந்தது'ங்கிற வரைக்கும்தான் உங்க வேலை, பட்டுச்சா இல்லையான்னு அவர் எழுதட்டும். உங்க வில்லனும் அடி வாங்கணும், அதுவும் முக்கியமான நேரத்துல, இல்லேன்னா மத்தவங்களும் எதையும் பட விட மாட்டாங்க, ரெண்டு பக்கமும் காத்துல வாள் வீசிக்கிட்டே இருப்பீங்க.

வில்லன் திருந்தலாமாங்கிறதையும் கதைக்கு வெளிய முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. எந்த க்ரூப்லயும் ஒருத்தராவது வில்லன் மேல லவ்ல விழுவாங்க, இன்னொருத்தர் அவன் தலையை வெட்டணும்னு நிப்பார், கடைசில சண்டை கேரக்டருங்களுக்குள்ள நடக்காது, உங்க தனி மெசேஜ்ல நடக்கும். எங்க முடிவு இது: திருந்தலாம், ஆனா அவர் எடுத்துக்கிட்டது யாருக்கும் திரும்பக் கிடைக்காது. லவ் பண்றவங்களுக்கும் வெட்டணும்னு நிக்கிறவங்களுக்கும் இதுல இடம் இருக்கு.

கடைசியா உங்க துரோகி. வாசிக்கிறவனுக்கு அதிர்ச்சி நல்லாத்தான் இருக்கும், ஆனா இங்க வாசிக்கிறவங்களும் எழுதுறவங்களும் ஒரே ஆளுங்க. மாசக்கணக்கா ஒருத்தர் கூட சேர்ந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எழுதிட்டு, அவர் முதல்ல இருந்தே ஏமாத்திக்கிட்டு இருந்தார்னு தெரிஞ்சா கேரக்டருக்கு மட்டும் இல்ல, ஆளுக்கும் வலிக்கும். அதனால அவர்கிட்ட சொல்லுங்க, எழுதுற அஞ்சு பேருக்கும் விஷயம் தெரியட்டும், கேரக்டருங்களுக்கு மட்டும் தெரிய வேண்டாம். சுவாரஸ்யம் போயிடுமேன்னு அவர் சொல்வார். போகாது, மத்தவங்க தெரிஞ்சே அவன்கிட்ட சாவியைக் கொடுப்பாங்க, தெரிஞ்சே அவனைக் காவலுக்கு நிக்க வச்சுட்டுத் தூங்கப் போவாங்க, அந்த சீனை எழுதும்போது அவங்களுக்கு இருக்கிற சந்தோஷம் வேற லெவல். அதுக்கும் அவர் ஒத்துக்கலைன்னா ரகசியமா வைக்க விடாதீங்க, வேற ஐடியா கேளுங்க. ஒத்துக்கிட்டா அடுத்த கேள்வி நீங்க கேக்க வேண்டியது: அவனுக்கு இருட்டு ராஜா என்ன கொடுத்தான்? அவர் அதுக்கு ஒரு வரி பதில் சொல்லட்டும், உங்க மூவாயிரம் வருஷ வரலாறுல அந்த ஒரு வரிக்கு சம்பந்தப்பட்டது எதுவோ அதை மட்டும் வச்சுக்கிட்டு மீதியை ஒரு ஃபோல்டர்ல போட்டு மூடுங்க.