தமிழ்ல பேசினா பிரிட்டிஷ் படம் ஆகாதா? அந்த ஏஜென்ட் சொல்றதை அப்படியே நம்பாதீங்க

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மளிகைக்கடை போட்ட ஒரு அம்மா, கடையை வித்துடலாம்னு நிக்கிற இங்கயே பொறந்த மகள், இவங்க ரெண்டு பேரை வச்சு ஒரு கதை. வசனம் முக்கால்வாசி தமிழ். பட்ஜெட் 6 லட்சம் பவுண்ட். அவரே எழுதி அவரே டைரக்ட் பண்றார், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வச்சிருக்கார். ஒரு ஏஜென்ட் வந்து "தமிழ்ல எடுத்தா பிரிட்டிஷ் சர்டிஃபிகேட் கிடைக்காது, வசனத்தை இங்கிலீஷா மாத்து, ஒரு வெள்ளைக்கார ஹீரோவைப் போடு, சர்டிஃபிகேட் வாங்கிட்டா அரசாங்கப் பணமும் வரும் படமும் ஓடும், எனக்கு அட்வான்ஸ் 7,500 பவுண்டும் வர்ற பணத்துல 12 சதவீதமும் குடு"ன்னு சொல்றாராம். "சார், இது உண்மையா, நான் கதையை மாத்தணுமா?"ன்னு கேக்கறார்.

மாத்த வேணாம் தம்பி. இந்த ஊர்ல சினிமா கணக்கு பார்த்தே தலை நரைச்சவன் சொல்றேன், கதையில ஒரு வரி கூட இதுக்காக மாத்த வேணாம்.

பிரிட்டிஷ் படம்ங்கறது ஏதோ ஆன்மா, கலாச்சாரம், டீ குடிக்கிற ஸ்டைல் சம்பந்தப்பட்ட விஷயம்னு எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அது ஒரு பாயின்ட் ஃபார்ம், அவ்வளவுதான். மொத்தம் 35 பாயின்ட், 18 எடுத்தா பாஸ். ஃபார்மைப் பார்க்கறது பிஎஃப்ஐ, அதாவது பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட். விண்வெளியில அமெரிக்க வீரர்கள் மிதக்கற கிராவிட்டி படத்துக்கு 2014ல பாஃப்டாவுல, அதாவது இந்த நாட்டோட பெரிய சினிமா விருது விழாவுல, தலைசிறந்த பிரிட்டிஷ் படம்னு விருது குடுத்தாங்க. டைரக்டர் மெக்சிகோக்காரர், காசு ஹாலிவுட் ஸ்டுடியோ காசு. ஆனா ஷூட்டிங்கும் விஎஃப்எக்ஸும் லண்டன் பக்கம் நடந்தது. லண்டன் பக்கத்து பைன்வுட் ஸ்டுடியோவுல எடுத்த ஸ்டார் வார்ஸ் படம் கூட இங்க புள்ளிவிவரத்துல பிரிட்டிஷ் படம்தான். அதெல்லாம் பிரிட்டிஷ்னா ஹாரோ மளிகைக்கடை என்ன பாவம் பண்ணுச்சு?

உங்க கணக்கையே போட்டுப் பார்ப்போம். கதை இங்க நடக்குது, அதுக்கு 4. முக்கிய பாத்திரங்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் இல்லைன்னா இங்க குடியிருக்கறவங்க, அதுக்கு 4, அம்மா பாஸ்போர்ட் எந்த நாடுன்னு யாரும் கேக்கப்போறதில்ல, இங்க குடியிருந்தா போதும். கதைப்பொருள் இந்த ஊருது, எழுதினவரும் இந்த ஊர்க்காரர், அதுக்கு 4. ஆச்சு 12. அடுத்தது மொழி, 6 பாயின்ட். இங்கதான் ஏஜென்ட் சொன்னதுல பாதி உண்மை இருக்கு. இங்கிலீஷ், வெல்ஷ் மாதிரி இந்நாட்டு மொழிகள், 2014ல விதியை மாத்தினப்ப சேர்த்துக்கிட்ட ஐரோப்பிய மொழிகள், இதுக்குத்தான் பாயின்ட். ஹாரோவில யாராவது டேனிஷ்ல கத்திரிக்காய் பேரம் பேசி நான் கேட்டதில்ல, ஆனா அதுக்கு பாயின்ட் உண்டு, தினம் ரோட்டுல கேக்கற தமிழுக்கும் குஜராத்திக்கும் கிடையாது. என்ன நியாயமோ, விதி எழுதினவங்களைத்தான் கேக்கணும். சரி, இங்கிலீஷ் வசனத்துக்கு வர்ற சில்லறை பாயின்ட்டைக் கூட விட்டுடுங்க, மொழிக்கு பூஜ்யம்னே வச்சுக்குவோம்.

படப்பிடிப்புல பாதிக்கு மேல இங்க நடந்தா 2. அப்புறம் ஆளுங்களுக்கு 8 பாயின்ட் இருக்கு. டைரக்டர், ரைட்டர், புரொட்யூசர், முக்கிய நடிகர்கள், மத்த நடிகர்கள்ல பெரும்பாலானவங்க, யூனிட்ல பெரும்பாலானவங்க இந்த ஊர்க்காரங்கன்னு எழுதியிருக்கீங்க, அதுக்கு 6. மியூசிக்கும் கேமராவும் சென்னை ஆளுங்க, அதுக்கு ஒண்ணும் வராது, பரவால்ல. கூட்டினா 20. பிரிட்டிஷ் பாரம்பரியம், பன்முகத்தன்மைன்னு 4 பாயின்ட் வரைக்கும் அவங்க பார்த்துப் போடற பிரிவு ஒண்ணு இருக்கு, அதை நான் கணக்குலயே சேர்க்கல, ஏன்னா அடுத்தவன் மனசை நம்பி பட்ஜெட் போடக்கூடாது. ஆக, தமிழ்லயே எடுத்தாலும் 18 தாண்டிட்டீங்க. வெள்ளைக்கார ஹீரோவுக்குன்னு தனியா ஒரு பாயின்ட்டும் இல்ல, தோலோட நிறத்தை எந்த கட்டத்துலயும் கேக்கல, அது அந்த ஏஜென்ட் மண்டைக்குள்ள இருக்கற ஃபார்ம்.

இப்ப அந்த 7,500 பவுண்ட். பிஎஃப்ஐல அப்ளை பண்ண ஃபீஸ் கிடையாது. திரும்பச் சொல்றேன், ஃபீஸ் கிடையாது. ஃபார்ம் ஆன்லைன்ல இருக்கு, சந்தேகம்னா அங்க இருக்கறவங்களே மெயிலுக்கு பதில் போடுவாங்க, கொஞ்சம் லேட்டா போடுவாங்க, அது வேற கதை. சில பாயின்ட்டுகளுக்கு தனி அக்கவுண்டன்ட் ரிப்போர்ட் வேணும், அதுக்குச் செலவாகும். மத்தபடி "உள்ள எனக்கு ஆளைத் தெரியும்"னு எவனாவது சொன்னா காபிக்கு நீங்களே காசு குடுத்துட்டு எழுந்து வந்துடுங்க. உள்ள ஆள் தேவைப்படற வேலையே இல்ல இது, ரேஷன் கார்டு வாங்கித் தர்றேன்னு நம்ம ஊர் தாலுகா ஆபீஸ் வாசல்ல நிப்பாங்களே, அதே கூட்டம் இங்க கோட் போட்டுட்டு, லண்டன்ல சினிமா ஆபீஸ் நிறைய இருக்கற சோஹோவில நிக்குது.

பணம் எவ்வளவு வரும்னு பார்ப்போம். சர்டிஃபிகேட் இருந்தா படச் செலவுல ஒரு பங்கை அரசாங்கம் திருப்பித் தரும், அதுக்குப் பேர் டாக்ஸ் கிரெடிட். உங்க 6 லட்சத்துல ப்ரீ புரொடக்ஷன், ஷூட்டிங், போஸ்ட் புரொடக்ஷன், இந்த மூணுக்கும் ஆகறதுதான் கோர் செலவு, அது 5 லட்சம்னு வச்சுக்குவோம். விளம்பரம், ரிலீஸ் செலவு, பணம் திரட்டற செலவு இதெல்லாம் கோர்ல வராது, அதாவது அந்த ஏஜென்ட் கமிஷன் உங்க கைக்காசு, அதுக்கு ஒரு பென்னி கிரெடிட் கிடையாது. கோர்ல அதிகபட்சம் 80 சதவீதத்துக்குத்தான் கிரெடிட், அப்போ 4 லட்சம். சாதாரண ரேட் 34 சதவீதம். ஆனா 2024 ஏப்ரல் 1லேருந்து ஷூட்டிங் ஆரம்பிச்ச சின்ன படங்களுக்கு, ரைட்டரோ டைரக்டரோ இந்த ஊர்க்காரரா இருந்து தியேட்டர் ரிலீஸுக்குன்னு எடுத்தா, 53 சதவீத ரேட் இருக்கு. நீங்க அதுக்குள்ள வர்றீங்க. 4 லட்சத்துல 53 சதவீதம் 2,12,000. அதுல 25 சதவீதம் வரியா பிடிச்சுக்குவாங்க (ஒரு கையில குடுத்து இன்னொரு கையில வாங்கறது, எந்த புத்திசாலி யோசிச்சானோ, நேரா 39.75னு எழுதினா என்ன குறைஞ்சிடும்?), மீதி 1,59,000 பவுண்ட். இதுல 12 சதவீதம்னா 19,000 சொச்சம், அட்வான்ஸோட சேர்த்தா 26,000க்கு மேல. அந்தக் காசுக்கு இன்னும் எத்தனை நாள் ஷூட்டிங் பண்ணலாம்னு யோசிங்க.

இந்தப் பணம் ஷூட்டிங்குக்கு முன்னாடி வராது. செலவு பண்ணி, கம்பெனி வரிக்கணக்கோட வரித்துறையில, அதாவது எச்எம்ஆர்சில கிளெய்ம் போட்டு, அவங்க கேள்வி கேட்டு, பதில் குடுத்து, அப்புறம்தான். முதல்ல இன்டரிம் சர்டிஃபிகேட், படம் முடிஞ்சதும் ஃபைனல், ஃபைனல் கிடைக்கலைன்னா வாங்கினதைத் திருப்பிக் கட்டணும். நடுவுல "கிரெடிட்டை அடமானம் வச்சு இப்பவே பணம் தர்றோம்"னு வர்றவங்க உண்டு, முறையா பண்றவங்களும் இருக்காங்க, ஆனா வட்டியும் ஃபீஸும் போக கையில என்ன நிக்கும்னு எழுதி வாங்காம கையெழுத்து போடாதீங்க.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்லியே ஆகணும், வர்ற பத்துப் பேர்ல எட்டுப் பேர் இதுல குழம்பறாங்க. "சென்னை கேமராமேனை கூப்பிட்டா அவர் சம்பளம் பிரிட்டிஷ் செலவுல வராதே"ன்னு பயப்படறாங்க. வரும். செலவு பிரிட்டிஷா இல்லையாங்கறது ஆளோட பாஸ்போர்ட்டை வச்சு இல்ல, வேலை எந்த மண்ணுல நடக்குதுங்கறதை வச்சு. சென்னைக்காரர் ஹாரோவில நின்னு 25 நாள் கேமரா பிடிச்சா அந்த 25 நாள் சம்பளம் இங்கத்த செலவு. அதே கேமராமேன் சென்னையில உக்காந்து கலர் பார்த்தா அந்தச் சம்பளம் வெளிநாட்டுச் செலவு. லண்டன் எடிட்டர் ஒருத்தர் மைலாப்பூர்ல அக்கா வீட்டுல உக்காந்து எடிட் பண்ணினா, அவர் பரம்பரை பிரிட்டிஷ்காரரா இருந்தாலும் அது வெளிநாட்டுச் செலவுதான். பாயின்ட்டுக்கு ஆள் யாருன்னு பார்ப்பாங்க, பணத்துக்கு வேலை எங்கன்னு பார்ப்பாங்க, இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டு உருட்டாதீங்க. இன்னொண்ணு, கிரெடிட்டே 80 சதவீதத்துக்கு மேல கிடையாதுன்னு சொன்னேன் இல்லையா, அப்போ மீதி 20 சதவீதம், உங்க கணக்குல 1 லட்சம் பவுண்ட், சென்னையில செலவானாலும் கிரெடிட் ஒரு காசு குறையாது. டப்பிங், ரீரெக்கார்டிங், கலர் சரிபண்ற டிஐ எல்லாம் தாராளமா அங்க வச்சுக்கங்க. 1 லட்சத்தைத் தாண்டினா அன்னிலேருந்து குறையும். இதைச் சொன்னா ஏஜென்ட்டுங்களுக்குப் பிடிக்காது, ஏன்னா அவங்க சிபாரிசு பண்ற லண்டன் ஸ்டுடியோவுல அவங்களுக்குப் பங்கு இருக்கும்.

கம்பெனி விஷயத்துல கோட்டை விட்டுடாதீங்க. படத்துக்குன்னு ஒரு லிமிடெட் கம்பெனி, ப்ரீ புரொடக்ஷனுக்கு முன்னாடியே. லொகேஷன், நடிகர், கேமரா வாடகை எல்லா அக்ரிமென்ட்டும் அந்தக் கம்பெனி பேர்ல, பணமும் அந்தக் கம்பெனி அக்கவுன்ட்லேருந்து போகணும். ஒருத்தர் எங்கிட்ட வந்தார், மச்சான் கிரெடிட் கார்டுல பாதிப் படத்தை எடுத்து முடிச்சுட்டு கம்பெனி ஆரம்பிக்கலாமான்னு கேட்டார். என்னத்த சொல்றது.

அப்புறம் "பில்லை கொஞ்சம் ஏத்திக் காட்டலாம், எல்லாரும் பண்றதுதான்"னு அந்த ஏஜென்ட் அடுத்த சந்திப்புல சொல்வார், இன்னும் சொல்லலைன்னா எனக்கு ஆச்சரியம். 2013ல லண்டன் கோர்ட்ல 5 பேர் இதே கேஸ்ல மாட்டினாங்க, பெரிய நடிகர்களை வச்சு கோடிக்கணக்குல படம் எடுக்கறோம்னு வாட் பணமும் டாக்ஸ் கிரெடிட்டும் கேட்டவங்க. படமே இல்ல. பிடிச்சதுக்கு அப்புறம் அவசர அவசரமா சின்ன காசுல ஒரு படத்தை எடுத்துக் காட்டினாங்க, அதுக்கு எங்கேயோ ஒரு விருது கூட வந்துச்சு, ஆனா ஜெயில் ஜெயில்தான். அதுக்கு முன்னாடி 2007 வரைக்கும் இருந்த பழைய முறையில சலுகைப் பணத்துல ஒரு பங்கு படம் எடுக்கறவன் கைக்கு வரவே இல்ல, நடுவுல பார்ட்னர்ஷிப் போட்டு வரியை மிச்சம் பிடிச்ச பணக்காரங்களுக்கும் அதை வித்த தரகர்களுக்கும் போச்சு. அதனாலதான் கம்பெனியே நேரா கேக்கற மாதிரி மாத்தினாங்க. தரகனைத் துரத்தத்தான் இந்த முறையே வந்துச்சு, இப்ப அதையே வச்சு அவன் பிழைக்கிறான்!

கடைசியா, சர்டிஃபிகேட் இருந்தா படம் ஓடுமா? இல்ல தம்பி. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. 2003லேருந்து 2010 வரைக்கும் வந்த பிரிட்டிஷ் படங்களைப் பத்தி 2013ல ஒரு ஆய்வு வந்துச்சு, லாபம் பார்த்தது 100க்கு 7. 5 லட்சம் பவுண்டுக்குக் கீழ எடுத்ததுல 100க்கு 3 சொச்சம். 2012ல பிரதமரா இருந்த டேவிட் கேமரூன் பைன்வுட் பக்கம் போய், வசூல் பண்ற படமா எடுங்கன்னு அறிவுரை சொன்னார். எந்தப் படம் வசூல் பண்ணும்னு முன்னாடியே தெரிஞ்சா எல்லாரும் அதையேதான எடுப்பாங்க? அரசாங்கத்தோட லட்சணம் வேணும்னா, தி கிங்ஸ் ஸ்பீச் படத்துக்கு 10 லட்சம் பவுண்ட் போட்டது யுகே ஃபிலிம் கவுன்சில்ங்கற அரசாங்க அமைப்பு, படம் உலகம் முழுக்க 40 கோடி டாலருக்கு மேல வசூல், 2011 பிப்ரவரியில சிறந்த படத்துக்கான ஆஸ்கர், மார்ச் மாசக் கடைசியில ஃபிலிம் கவுன்சிலை இழுத்து மூடிட்டாங்க.

ஓடின சின்னப் படங்களைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், எல்லாமே ஒரு தெருவை விட்டு நகராத கதைங்க. 1997ல தி ஃபுல் மான்ட்டி, ஷெஃபீல்ட்ல வேலை போன ஸ்டீல் தொழிலாளிங்க. 2002ல பெண்ட் இட் லைக் பெக்கம், லண்டன் ஹவுன்ஸ்லோவுல ஒரு பஞ்சாபி வீடு, ஃபுட்பால் ஆடற பொண்ணு, சமோசா, கல்யாணம். இதெல்லாம் எங்கயும் பிறந்திருக்கலாம்ங்கற மாதிரி கதை இல்ல. அதுக்காக உங்க படம் ஓடும்னு நான் எழுதிக் குடுக்கமாட்டேன். டிக்கெட் காசுல ஆறுல ஒரு பங்கு வாட் வரியா போகும், மிச்சத்துல தியேட்டர்காரன் பெரும்பங்கு எடுப்பான், டிஸ்ட்ரிபியூட்டர் செலவைக் கழிப்பான், அப்புறம் உங்களுக்கு. அதனால 1,59,000 திரும்பி வரும், மீதி 4,41,000 மொத்தமா போனாலும் வீடு நிக்குமான்னு மட்டும் பார்த்துக்கங்க. வீட்டை அடமானம் வச்சு எடுக்கறதா இருந்தா பட்ஜெட்டைக் குறைங்க.

ஏஜென்ட் குடுத்த பேப்பர்ல கையெழுத்து போட்டாச்சான்னு நீங்க எழுதல. போடலைன்னா விட்டுடுங்க. போட்டிருந்தா பணம் கட்டறதுக்கு முன்னாடி அதை ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க, குறிப்பா 12 சதவீதம் கிரெடிட்டுலயா இல்ல படத்தோட மொத்த வருமானத்துலயான்னு பார்க்கச் சொல்லுங்க, அந்த வரியை அவங்க வேணும்னே குழப்பித்தான் எழுதுவாங்க.