‘காப்பிரைட் வாங்கித் தருகிறேன்’ என்பவரிடம் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் 19 வருடமாகப் பாடுகிறேன். கோவில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று எந்த மேடையானாலும் சுசீலாம்மா, ஜானகியம்மா பாட்டுகளை எனக்குத்தான் கொடுப்பார்கள். அவற்றில் எட்டை என் குரலில் பதிவு செய்து ஆல்பமாக யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் விட வேண்டும், பென்டிரைவில் போட்டுக் கச்சேரி முடிந்ததும் விற்க வேண்டும் என்று ஆசை. ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் ட்ராக், மிக்ஸிங், ‘காப்பிரைட்’ எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் என்கிறார். 10,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். எட்டில் ஒன்று ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் வரும் பாரதியார் பாட்டு. அதற்கு அனுமதி வேண்டாம்தானே? மேடையில் இத்தனை வருடம் பாடியும் யாரும் எதுவும் கேட்டதில்லை. ஆல்பத்துக்கு மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?

பதில்: மீதி 50,000 ரூபாயை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். ஸ்டுடியோக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அடுத்தவர் பாட்டுக்கான உரிமையை அவர் விற்கவும் முடியாது, ‘எல்லாம் சேர்த்து’ வாங்கித் தரவும் முடியாது. அதைத் தரக்கூடியவர் அந்தப் பாட்டின் உரிமையாளர் மட்டும்தான்.

மேடையில் யாரும் கேட்காததற்குக் காரணம் எளிது. நீங்கள் கேட்கப்பட வேண்டிய ஆளே இல்லை. பொது மேடையில் பாட்டுப் பாடுவதற்கான உரிமத்தை நிகழ்ச்சி நடத்துபவர் வாங்க வேண்டும். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் அதைக் கொடுக்க 1969 முதல் ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. கல்யாணத்துக்குச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. இந்தக் கல்யாண விலக்கைப் பிடித்துக்கொண்டு, ‘கல்யாணத்தில் பாடின வீடியோதானே, யூடியூபில் போட்டால் என்ன?’ என்று கேட்பவர்கள் மாதம் இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள். விலக்கு அந்த மண்டபத்தில் பாடியதற்கு மட்டும்தான். மேடையில் பாடுவது ஓர் உரிமை, பாட்டை ஒலிப்பதிவு செய்து பிரதி எடுப்பது வேறோர் உரிமை. ஆல்பம் போடும்போது இரண்டாவதன் பக்கம் வந்துவிடுகிறீர்கள். அங்கே கேட்கப்பட வேண்டிய ஆள் நீங்கள்தான்.

ஒரு சினிமாப் பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வரியும் மெட்டும். இன்னொன்று, சுசீலாம்மா பாடி வெளிவந்த அந்த ஒலிப்பதிவு. நீங்கள் புதிதாகப் பாடுவதால் இரண்டாவதைத் தொடவில்லை. முதலாவதைத் தொடுகிறீர்கள், அதற்குத்தான் அனுமதி வேண்டும்.

ஆனால் ‘ட்ராக்’ என்று ஒன்று சொன்னாரே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். அவர் கீபோர்டு, தபலாக்காரர்களை உட்கார வைத்து உங்களுக்காகப் புதிதாக வாசிக்க வைக்கப் போகிறாரா? அல்லது இணையத்திலிருந்து கரோக்கி இறக்கித் தரப் போகிறாரா? இப்போது ஒரிஜினல் பாட்டிலிருந்து குரலை மட்டும் உருவி எடுக்க மென்பொருள் வந்துவிட்டது. அப்படி உருவிய ட்ராக்கில் பாடினால் அந்தப் பழைய ஒலிப்பதிவையும் சேர்த்து எடுத்தவர் ஆகிவிடுவீர்கள். வேறு யாரோ வாசித்துப் போட்ட கரோக்கி என்றாலும் அது அவருடைய ஒலிப்பதிவு. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ‘சுருதியை அரைக்கட்டை இறக்கி, இரண்டாவது இடையிசையைச் சுருக்கி, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ஃபைலாகக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். புதிதாக வாசித்தவர் கொடுத்துவிடுவார். இறக்கியவர் திணறுவார்.

அடுத்து அந்த ‘காப்பிரைட்’. இவர்கள் பெரும்பாலும் செய்வது, உங்கள் ஒலிப்பதிவைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்ய ஒரு விண்ணப்பம் போடுவதுதான். அதற்கு அரசுக் கட்டணம் 2,000 ரூபாய். போட்டவுடன் டைரி எண் ஒன்று வரும். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் பார்ப்பார்கள், அதன் பிறகுதான் பரிசீலனையே தொடங்கும். அந்த டைரி எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘காப்பிரைட் வாங்கியாச்சு’ என்று சொல்லிவிடுவார்கள். அது அனுமதியும் இல்லை, சான்றிதழும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். மூலப் பாட்டின் உரிமையை மீறிச் செய்த ஒலிப்பதிவுக்குக் காப்புரிமையே கிடையாது என்று 1957 காப்புரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. அதாவது அனுமதி வாங்காமல் பாடினால் உங்கள் சொந்தக் குரலில் இருக்கும் ஆல்பத்தின் மேலேயே உங்களுக்கு உரிமை இல்லை. அதை நாளைக்கு எவனாவது எடுத்துப் போட்டுக் காசு பார்த்தாலும் நீங்கள் தட்டிக் கேட்க முடியாது. 19 வருடம் பாடிச் சேர்த்த குரல் அப்படிப் போகலாமா?

சரி, அனுமதி எப்படி வாங்குவது? சட்டத்தில் கவர் பாடல்களுக்கென்றே, அதாவது ஏற்கெனவே வெளிவந்த பாட்டை வேறொருவர் பாடிப் பதிவு செய்வதற்கென்றே, 31சி என்று ஒரு பிரிவு இருக்கிறது, 2012-ல் சேர்த்தது. பாட்டு முதன்முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தால், முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்து, உரிமையாளருக்குச் சேர வேண்டிய தொகையான ராயல்டியும் கட்டி, வரியையும் மெட்டையும் மாற்றாமல் பாடிப் பதிவு செய்யலாம். உரிமையாளர் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டு ஒன்றுக்கு, ஆண்டு ஒன்றுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும் என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கச்சேரி முடிந்து 200 பென்டிரைவ் விற்கப் போகிற ஒருவர் 50,000 பிரதிக்கு எங்கே போவார்? ராயல்டி விகிதத்தை நிர்ணயிக்க வேண்டிய மேல்முறையீட்டு வாரியத்தையும் 2021-ல் கலைத்துவிட்டு, அந்த வேலையை நீதிமன்றங்களிடம் தள்ளிவிட்டார்கள். கேசட் காலத்தை மனதில் வைத்து எழுதிய பிரிவை ஸ்ட்ரீமிங் காலத்தில் யாரும் திருத்தவில்லை. சிறிய கலைஞர்களுக்காக இருக்க வேண்டிய கதவைச் சிறிய கலைஞர்கள் நுழைய முடியாத உயரத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் தீராத ஆத்திரம் உண்டு.

அதனால் உங்களுக்கு நடைமுறை வழி, உரிமையாளரிடம் நேராகக் கேட்டு எழுத்தில் வாங்குவதுதான். பழைய இசைத்தட்டில் கிராமபோன் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் எச்எம்வி படம் இருந்தால், பெரும்பாலும் இன்றைக்கு சரிகம நிறுவனத்திடம் கேட்க வேண்டும். மற்றவற்றுக்கு, யூடியூபில் அதிகாரபூர்வமாக வந்திருக்கும் பாட்டின் விவரக் குறிப்பில் லேபிள், அதாவது அதை வெளியிட்ட இசை நிறுவனத்தின் பெயர் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். பாட்டு, படம், ஆண்டு, எழுதியவர், இசையமைத்தவர், ஒலி மட்டுமா வீடியோவும் உண்டா, எந்தெந்தத் தளம், எத்தனை பென்டிரைவ், எத்தனை வருடம் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். வீடியோவைச் சொல்ல மறக்காதீர்கள். பாட்டோடு காட்சியைச் சேர்ப்பதற்குத் தனி அனுமதி வேண்டும், ஒலிக்கு வாங்கியது அதற்குச் செல்லாது. 80-களின் சில படப் பாடல்களில் இசையமைப்பாளருக்கும் லேபிளுக்கும் இடையே வழக்குகள் நடந்திருக்கின்றன. உங்கள் எட்டில் அப்படி ஏதாவது இருந்தால் மாற்றிவிடுங்கள். வேறு பாட்டா இல்லை?

யூடியூபில் போட்டால் ‘இது எங்கள் பாட்டு’ என்று உரிமையாளரின் ‘க்ளெய்ம்’ வரும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். க்ளெய்ம் என்றால் பெரும்பாலும் வீடியோ இருக்கும், வருமானம் உரிமையாளருக்குப் போகும். ‘ஸ்ட்ரைக்’ வேறு, அது வீடியோவையே நீக்க வைக்கும் எச்சரிக்கை. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். ஆனால் க்ளெய்ம் போட்டு விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதால் பென்டிரைவில் விற்க அனுமதித்துவிட்டார்கள் என்று ஆகாது. ‘உரிமை யாவும் உரியவருக்கே’ என்று கீழே எழுதினாலும், 30 வினாடிதான் பாடினேன் என்றாலும் பாதுகாப்பு கிடையாது. அந்த 30 வினாடிக் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ, இன்னும் ஓயவில்லை.

இப்போது பாரதியார். இதில் மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் நிறையப் பேர் வழுக்குவது இங்கேதான். பாரதியார் 1921-ல் மறைந்தார், 1949-ல் அன்றைய சென்னை மாகாண அரசு அவர் எழுத்தை நாட்டுடைமை ஆக்கியது. வரி யாருக்கும் பொது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் பாடப் போவது வரியை மட்டும் இல்லை, மெட்டையும் சேர்த்து. மெட்டு இசையமைப்பாளருடைய படைப்பு. அவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அதற்குப் பாதுகாப்பு உண்டு. உங்கள் படத்துக்கு இசை ஜி. ராமநாதன். அவர் 1963-ல் மறைந்தார். கணக்கு 1964 ஜனவரியில் தொடங்கி 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஆகவே அந்த ஒரு பாட்டை நீங்கள் தாராளமாகப் பாடலாம். இதையே வைத்து ‘பாரதியார் பாட்டு எல்லாம் ஃப்ரீ’ என்று போய்விடாதீர்கள். எம்.எஸ். விஸ்வநாதன் தனியாக மெட்டமைத்த பாரதியார் பாட்டு என்றால், அவர் 2015-ல்தான் மறைந்தார், மெட்டு 2075 வரை பாதுகாப்பில் இருக்கும். இன்று உயிரோடு இருப்பவர் மெட்டு என்றால் கணக்கே இன்னும் தொடங்கவில்லை. வரி பொது, மெட்டு சொந்தம் என்ற நிலைதான் பெரும்பாலும். மெட்டு வேண்டாம், வரியை மட்டும் எடுத்து உங்கள் குழுக் கீபோர்டுக்காரரை வைத்துப் புது மெட்டுப் போட்டால் அப்புறம் வெளியே யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் அந்த மெட்டு அவருடையது, அதை நீங்கள் ஆல்பத்தில் பாடச் சம்மதம் என்று அவரிடம் மறக்காமல் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்டைப் படம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சுசீலாம்மா, ஜானகியம்மா படத்தையோ பெயரையோ, படத்தின் ஸ்டில்லையோ அட்டையில் போடாதீர்கள். 31சி பிரிவிலேயே இதற்குத் தடை இருக்கிறது. நேரடி அனுமதி கொடுக்கும் நிறுவனமும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. உங்கள் பெயரையும் உங்கள் படத்தையும் போடுங்கள். விற்க வேண்டியது உங்கள் குரல்.

கடைசியாக, ஸ்டுடியோக்காரர் கையெழுத்துக் கேட்கும் தாள். சென்ற ஆண்டு தென்மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பாடகர் என்னிடம் 20 ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். நான்காவது வரியில் ‘மேற்படி ஒலிப்பதிவின் சகல உரிமைகளும் உலகம் முழுவதும் நிரந்தரமாக’ ஸ்டுடியோவுக்கு என்று இருந்தது. அவருக்குத் தெரிந்து போட்ட கையெழுத்து இல்லை, ‘ஸ்பாட்டிஃபைக்குக் கேட்கிறார்கள்’ என்று சொல்லி வாங்கியிருந்தார்கள். தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இது தெரிந்தவர்கள்தான் அந்த இரண்டு சொற்களையும் மறக்காமல் சேர்க்கிறார்கள். தளங்களுக்குப் பாட்டை அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டர் கணக்கை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் திறங்கள். அதில் ‘கவர் லைசென்ஸ்’ என்று ஒரு பொத்தான் இருந்தால், அது எந்த நாட்டுக்கு என்று படியுங்கள். பெரும்பாலும் அமெரிக்காவுக்கு, இந்தியாவுக்கு அல்ல.

கொடுத்த 10,000 ரூபாய்க்கு ‘ஒலிப்பதிவு வேலைக்கு மட்டும்’ என்று ரசீது கேளுங்கள். அதில் கழித்து, இந்த மாதமே அந்தப் பாரதியார் பாட்டைப் பதிவு செய்யலாம், புதிதாக வாசித்த ட்ராக்கோடு. மிக்ஸிங் முடிந்ததும் தரம் குறையாத ஒலிக் கோப்புகளான வேவ் ஃபைல்களை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். மற்ற ஏழுக்கும் கடிதம் இன்றைக்கே போகட்டும். பதில் வந்த பாட்டை மட்டும் ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போங்கள்.