அப்பாவுக்குத் தெரியாமல் ஏன் குப்பையில் போடுகிறீர்கள்?

கேள்வி: கேபிள், இயர்போன், பவர்பேங்க் என்று ஏதாவது ஒன்றை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. யாரையும் வதைக்காமல், பூமியைக் கெடுக்காமல் செய்த பொருளாகப் பார்த்து வாங்க ஆசை. அப்படி ஒன்று உண்மையில் உண்டா, இல்லை எல்லாம் விளம்பரமா? அப்பா வேறு பழையதை எல்லாம் எடுத்துச் சால்டரிங் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அதனால் அவருக்குத் தெரியாமல்தான் குப்பையில் போடுகிறேன்.

பதில்: முழுக்க நியாயமான பொருள் இன்றைக்கு இல்லை. ஜெர்மனியில் 'நாகர் ஐடி' என்ற சிறிய அமைப்பு நியாயமான கணினி மவுஸ் ஒன்றைச் செய்து காட்டியது, நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனம் 2024-ல் பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய இயர்பட்ஸைக் கொண்டுவந்தது. இரண்டு பேருமே நூற்றுக்கு நூறு சுத்தம் என்று சொல்லிக்கொள்ளவில்லை, அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். 'அவருக்குத் தெரியாமல்' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். செய்வது சரி என்றால் எதற்கு ஒளிக்க வேண்டும்? அவர் பார்த்தால் தடுப்பார், தடுத்தால் உங்களிடம் பதில் இருக்காது, அதனால்தானே?

அவர் கையில் இருக்கும் சால்டர் கம்பியில் வெள்ளீயம் இருக்கிறது. உலகத்தில் சுத்திகரிக்கும் வெள்ளீயத்தில் ஏறக்குறைய பாதி இப்படிப் பற்றவைக்கத்தான் போகிறது. அதில் கணிசமான பங்கு இந்தோனேசியாவின் பாங்கா, பெலிதுங் தீவுகளிலிருந்து வருகிறது. அங்கே காட்டையும் கடலடியையும் தோண்டித்தான் எடுக்கிறார்கள், மண் சரிந்து ஆட்கள் புதைந்து போயிருக்கிறார்கள். வயர்லெஸ் இயர்பட்ஸின் பேட்டரியில் பெரும்பாலும் இருக்கிற கோபால்ட் என்ற உலோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உலகில் தோண்டுவதில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது, அங்கே சிறு சுரங்கங்களில் பிள்ளைகள் வேலை செய்வதை 2016-லேயே மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி அறிக்கையாக எழுதியது. ஒவ்வொரு ஊர்த் தாதுவும் உருக்காலையில் ஒன்றாகக் கலந்துவிட்டால் எது யார் தோண்டியது என்று பிரிக்கவே முடியாது, நீங்கள் தேடுகிற பொருள் கிடைக்காததற்கு முக்கியக் காரணம் இதுதான். அப்பா பொட்டளவு வெள்ளீயத்தை வைத்து ஒரு இயர்போனைப் பிழைக்க வைக்கிறார். நீங்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னொரு இயர்போனுக்கு வேண்டிய அத்தனையையும் புதிதாகத் தோண்டச் சொல்கிறீர்கள், பெட்டியில் பச்சை இலை படம் போட்டிருந்தாலும்.

2022-ல் மட்டும் உலகம் போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மீதியில் வயர்களை எங்கோ யாரோ திறந்த வெளியில் எரித்துச் செம்பு எடுக்கிறார்கள், அந்தப் புகையை மூச்சில் இழுப்பது அவர்கள் பிள்ளைகள்.

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. முகம் தெரியாத தொழிலாளிக்காக இவ்வளவு யோசிக்கிற நீங்கள் பக்கத்து அறையில் குனிந்து உட்கார்ந்து வேலை பார்க்கிறவரை ஏமாற்றுகிறீர்கள். வயதானவர் கையில் இருக்கும் வேலையைப் பிடுங்குவது அவரையே தூக்கி ஓரமாக வைப்பது மாதிரி. பெற்றவர் கற்றதைப் பிள்ளை கற்றுக்கொள்வது கடமை என்று நினைக்கிற ஆள் நான், அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

இயர்போன் பெரும்பாலும் அறுந்துபோவது போனில் செருகும் ஜாக் பக்கத்தில்தான். அந்த அங்குலத்தை வெட்டிவிட்டுப் புது ஜாக் வைக்க அவருக்குத் தெரிந்திருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆனால் சுவரில் செருகும் சார்ஜரின் உட்பகுதியையும் வீங்கிய பேட்டரியையும் அவர் தொட வேண்டாம், அவற்றை மட்டும் மின்னணுக் குப்பை சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் பேட்டரி கழற்றக்கூடியது, வயர் தனியாகப் பிரிவது என்று பாருங்கள், வாங்குவதற்கு முன்னால் அவரிடம் காட்டி 'இது கெட்டால் திறக்க முடியுமா அப்பா' என்று கேளுங்கள். கடைசியாகப் போட்டது இன்னும் குப்பைக்கூடையில் கிடந்தால் இன்றைக்கே எடுத்துத் துடைத்து அவர் மேசையில் வையுங்கள், நான்தான் போட்டேன் என்று சொல்லியே வையுங்கள்.