ஆம்சு-ஏ (வளிமண்டல வெப்பநிலையை அளக்கும் செயற்கைக்கோள் நுண்ணலைக் கருவி) தரவில் இரண்டு ஓரமும் குளிர்ந்து தெரிவது ஏன்?

கருவிக் கோளாறு இல்லை, சாய்வுப் பார்வைதான் காரணம். ஆம்சு-ஏ ஒரு வீச்சில் 30 இடங்களைப் பார்க்கிறது. ஓரங்களில் கிட்டத்தட்ட 48 பாகை சாய்ந்து பார்ப்பதால் கதிர் கூடுதல் காற்றைக் கடக்கிறது, அதனால் கருவி அளக்கும் ஆக்சிஜனின் நுண்ணலை உமிழ்வு இன்னும் உயரமான, குளிர்ந்த அடுக்கிலிருந்து வந்து சேர்கிறது. நீங்கள் படமாக வரைந்த 5ஆம் சேனலில் (53.6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை) தெரிவது அதுதான்.

சந்தேகமிருந்தால் வெப்பமண்டலக் கடல்மேல் ஒரு மாதத் தரவை எடுத்து, 1 முதல் 30 வரை ஒவ்வோர் இடத்துக்கும் சராசரி போடுங்கள், அப்புறம் 12ஆம் சேனலுக்கும் அதையே செய்யுங்கள். அது அடுக்குமண்டலத்தைப் பார்ப்பது, அங்கே உயரப் போகப் போக வெப்பம் கூடும், ஆகவே ஓரம் சூடாக வர வேண்டும்.

மலைப்பகுதியைச் சேர்க்காதீர்கள், 5ஆம் சேனல் தரையையும் கொஞ்சம் பார்க்கும். ஓர் ஓரம் மட்டும் தெளிவாகக் குளிர்ந்தால் அது வேறு கதை.