தந்தைப் பட்டம் யாருக்கு?

கேள்வி: மாண்டலின் வாசித்த பில் மன்றோவைப் 'புளூகிராஸ்' என்னும் அமெரிக்கக் கிராமிய இசையின் தந்தை என்கிறார்கள். எர்ல் ஸ்க்ரக்ஸின் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் சேர்ந்த பிறகுதானே அந்த இசைக்கு உயிரே வந்தது? மாண்டலின்காரர் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்கிறேன். சரிதானே?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: பாதி சரி. 1945 கடைசியில் ஸ்க்ரக்ஸ் வந்து மூன்று விரல்களால் பாஞ்சோவைப் பொழியவிட்டபோதுதான் இன்று நாம் கேட்கும் ஓசை முழுசாகக் கிடைத்தது. ஆனால் அவர் வந்து சேர்ந்தது யாருடைய குழுவில் ஐயா? 1939இலேயே நாஷ்வில் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' வானொலி மேடையேறிவிட்ட மன்றோவின் 'புளூ கிராஸ் பாய்ஸ்' அது. இசைக்குப் பெயரே அந்தக் குழுவிடமிருந்து வந்ததுதான்.

மன்றோ மாண்டலினை ஆசைப்பட்டு எடுத்தவரும் அல்லர். கென்டக்கியில் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. பிடிலையும் கிட்டாரையும் அண்ணன்மார் எடுத்துக்கொள்ள, மிஞ்சியது மாண்டலின். அதிலும் சத்தம் தூக்கலாக வரக் கூடாதென்று எட்டுத் தந்திகளில் நான்கைக் கழற்றச் சொன்னார்களாம்! அந்த வாத்தியத்தைத்தான் தம்பி பிறகு குழுவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். வேகமான தனி வாசிப்பும் அதில்தான். மற்றவர் வாசிக்கையில், டபுள் பாஸ் ஒரு தட்டை எடுக்க, அடுத்த தட்டில் 'சக்'கென்று விழும் வெட்டும் அதில்தான். டிரம்ஸ் இல்லாத குழுவுக்கு அந்த வெட்டுத்தான் காலப்பிரமாணம்.

முன்கோபி, வன்மக்காரர் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். 1948இல் ஸ்க்ரக்ஸும், அதே குழுவில் கிட்டார் வாசித்துப் பாடிய லெஸ்டர் பிளாட்டும் விலகித் தனிக்குழு தொடங்கியதும், வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை கிடையாது. அதைச் செய்த கிப்சன் நிறுவனத்துக்கே பழுதுபார்க்க அனுப்பிய மாண்டலின் மனம்போலத் திரும்பவில்லை என்று, அதன் தலைப்பகுதியில் பதித்திருந்த 'தி கிப்சன்' என்ற பெயரில் 'கிப்சனை' மட்டும் கத்தியால் தோண்டி எடுத்தார். 'தி' தப்பித்தது. அந்த வடுவோடேயே பல்லாண்டுகள் மேடையேறினார்.

ஆனால் வளைந்துகொடுக்கவும் தெரிந்தவர். மூன்று தட்டுத் தாளத்தில் மெதுவாகப் போகும் அவருடைய வால்ட்ஸ் பாட்டு ஒன்றை 1954இல் எல்விஸ் பிரெஸ்லி துள்ளலாக மாற்றிப் பாடினார். மன்றோ கோபித்துக்கொள்ளவில்லை, தாமும் அதே பாட்டை மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகம் கூட்டி மறுபதிவு செய்தார்.

பிரிந்துபோன இருவரும் தங்கள் குழுவில் மாண்டலினைப் பெரும்பாலும் அடக்கியே வைத்தார்கள். அது முன்னால் வந்தால் கேட்பவர்களுக்கு யார் நினைவு வரும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?